சித்தியின் ஆடும் ஆணை 33-உம்

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டுவலி அப்படியே. ரப்பர் விலையைக் கேட்காதே. பணம் கேட்கத்தான் எழுதுகிறான் என்று நினைக்கிறாய் அல்லவா? போன மாதம் எழுதியிருந்தால் கேட்டிருப்பேன்.

சித்தி கடைசியில் குழித்துறைக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். தாத்தா உயில் எழுதாமல் விட்டுப்போன புரையிடம், அந்த வீட்டு மனை, உனக்குத் தெரியும். பாகம் கேட்டதற்கு, 'உனக்கு அதில் உரிமையே இல்லை' என்று மாமன்மார் அவளை இறக்கிவிட்டார்கள். சொத்தை மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கிறவள் பாக வழக்குப் போட்டால் கோர்ட்டுக் கட்டணம் சொற்பம்தான். வெளியே தள்ளப்பட்டவள் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். பங்கு 20 லட்சம். நூற்றுக்கு மூன்று வீதம் 60,000 ரூபாய். 2017-க்கு முன்பு நூற்றுக்கு ஏழரை. ஏழரை விலகிய பிறகே இந்தப் பாடு! அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டையின் தோடு உடைக்கிறவள் எங்கே போவாள்?

அடகுக்கடைக்குக் கிளம்பிய என்னை வக்கீல் குமாஸ்தாதான் நிறுத்தினார். கட்டணம் கட்ட வழியில்லாதவர் அதை முதலில் கட்டாமலே வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆணை 33-இன்கீழ் பாப்பர் மனு போடலாமே என்றார். "நான் பிச்சைக்காரியா?" என்று சித்தி எழுந்துவிட்டாள். 1976-லேயே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், இப்போது 'வறியவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் வாயை விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

மனுவோடு சொத்துப் பட்டியல் வைக்க வேண்டும். குமாஸ்தா கேட்கக் கேட்க, அண்டிப்பால் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: பானை, சட்டி, பாய், தாலி. அதெல்லாம் ஜப்திக்கே வராதவை, கணக்கில் சேராது என்றார் அவர். ஆடு? "அது மகளுடையது." மறைத்தால் மனுவே தள்ளுபடியாகும் என்று அவர் சொன்ன பிறகுதான் ஆடு பட்டியலில் ஏறியது. இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி, போதாது என்று ஒருத்தியை ஒப்புக்கொள்ள வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடாது, மக்கா. நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

இதனால் கட்டணமே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்துவிடாதே, கடன்தான். ஜெயித்தால் அரசின் கட்டணத்துக்கு அந்தச் சொத்தே முதல் பிணை. தோற்றால் அவளையே கட்டச் சொல்வார்கள். வக்கீல் மட்டும் நிஜமாகவே இலவசம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வைத்துக் கொடுத்தவர். 1987 சட்டப்படி பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றே பார்ப்பதில்லை. இத்தனை வருடம் கோர்ட் வாசலில் பஸ் ஏறியிருக்கிறோம், நம்மில் ஒருவனுக்காவது இது தெரிந்ததா? நீயோ பி.எல். படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

மனுவை அவளே நேரில் கொடுக்க வேண்டியிருந்தது; ஒரு நாள் கூலி போயிற்று. அடுத்து விசாரணை. அரசு வக்கீலும் வந்து கேள்வி கேட்பாராம்.

நேற்று ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. சித்தி காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டாள், பட்டியலைத் திருத்த வேண்டுமா என்று கேட்டு. குமாஸ்தாவைப் பார்க்கத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்