நீள வார்டுகளை இடிக்கலாமா?

ஐயா,

பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் இன்றைய சிகிச்சைக்கு ஒவ்வாதவை என்று எழுதிய தங்கள் தலையங்கம், தொழுநோய் இல்லம், காசநோய் விடுதி, ஒரே நீண்ட கூடத்தில் கட்டில்கள் வரிசையாக இருக்கும் நீள வார்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நீள வார்டு, காற்று குறுக்கே பாய்வதற்கென்றே இருபுறமும் எதிரெதிர் சன்னல்களுடன் கட்டப்பட்டது. அப்படியொரு வார்டில் செவிலியராக இருந்தவள் நான். மின்சாரம் நின்ற இரவுகளிலும் உயரச் சன்னலின் மேல்கதவைக் கயிற்றால் இழுத்துத் திறந்தால் புழுக்கம் அடங்கிவிடும். பின்னாளில் தாழ்கூரை போட்டு அதையும் அடைத்தார்கள்!

அறுவை அரங்குக்கு இவை உதவாதுதான். ஆனால் 1123இல் தொடங்கிய லண்டன் புனித பர்த்தலோமியோ மருத்துவமனை, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களையும் வைத்துக்கொண்டு அதே இடத்தில் இன்றும் இயங்குகிறது. இடிக்க உத்தரவிடும் முன் கட்டடங்களை வகைவாரியாக ஆய்ந்து, உறுதியான நீள வார்டுகளை முதியோர் பராமரிப்புக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் ஒதுக்கலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர்