இரண்டாம் கட்டுக்குள் இருப்பவர் எங்கள் பெரிய அப்பத்தா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் செட்டிநாட்டுப் 'பேய் வீடுகள்' பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. அதில் மூன்றாவது படத்தில் இருப்பது எங்கள் வீடு. ஊர்ப்பெயர் போடவில்லைதான். ஆனால் முகப்பில் கஜலட்சுமிக்கு வலப்பக்கம் கை உடைந்த சிப்பாய் பொம்மையைப் பார்த்ததுமே சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் போன் செய்துவிட்டார்கள். எனக்கு 71 வயது. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, கானாடுகாத்தான் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, எட்டு வருடமாக அந்த வீட்டுச் சாவியை வைத்திருப்பவன் நான். அதனால் எழுதுகிறேன்.

கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, முனகல் கேட்கிறது, சிவப்புச் சேலை கட்டிய உருவம் சுவரில் நடக்கிறது, அது தூக்கு மாட்டிக்கொண்ட மருமகள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். முதலில் கதவு. எங்கள் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, அதைத் தாண்டி வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றின் நிலைவாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் பின்தெரு வெளிச்சம் தெரியும். காற்று ஓட வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். பின்கதவில் ஒரு பலகை உளுத்து விழுந்துவிட்டது. ஆடிக் காற்று அதன் வழியாகப் புகுந்தால் உள்கதவுகள் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். முனகல் சத்தம் உத்திரத்தில் அடையும் புறாக்களுடையது. நடுராத்திரியில் மேலே 'மடக்' என்று கேட்பது பர்மா தேக்கு. பகலெல்லாம் வெயில் குடித்த மரம், குளிரும்போது நெட்டி முறிக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நாங்கள் பதினைந்து இருபது பிள்ளைகள் வளவில் வரிசையாகப் படுத்துத் தூங்கினோம்.

சுவரில் நடக்கும் சிவப்பு உருவத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி கடைசி பஸ் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது அதன் விளக்கு மேல்சாளரத்துச் சிவப்புக் கண்ணாடியில் பட்டு, உள்சுவரில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகரும். ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

இதெல்லாம் போகட்டும். தூக்கு மாட்டிக்கொண்ட மருமகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் யாரும் தூக்கு மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் கட்டு உள்ளறையில் இறந்தவர் எங்கள் ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், முதல் மனைவி. எங்களுக்குப் பெரிய அப்பத்தா. பத்தொன்பது வயதில், தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு இறந்தார். ஐயா அப்போது பர்மாவில் மோல்மேனில் இருந்தார். கப்பலேறி ஊர் வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்துவிட்டது. பிறகு அவர் கட்டிக்கொண்ட இரண்டாம் தாரம்தான் என்னைத் தூக்கி வளர்த்த அப்பத்தா.

எங்கள் வழக்கத்தில் படைப்பு என்று ஒன்று உண்டு. வீட்டில் இறந்த முன்னோரைச் சாமியாக நினைத்து, பங்காளிகள் எல்லோரும் கூடி, இலை போட்டுப் படைத்துக் கும்பிடுவோம். எங்கள் வீட்டில் படைப்பு பெரிய அப்பத்தாவுக்குத்தான். அவருக்கு எடுக்கும் சேலையைப் பேழையில் வைத்துப் பூட்டுவோம். அடுத்த படைப்பில் அதை எடுத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் புதுச்சேலை வைப்போம். சேலை எப்போதும் அரக்குச் சிவப்புக் கண்டாங்கி. உயிரோடு இருந்தவரை என் அப்பத்தா அதை வேறு யாரையும் எடுக்க விட்டதில்லை. தான் முகம் பார்த்திராத ஒருவருக்காக, தறிக்காரர் விரிக்கும் ஒவ்வொரு சேலையையும் முந்தானை பிரித்துத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் வந்த சிவப்புச் சேலை இந்தச் சேலைதான். எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் பெரிய அப்பத்தாவிடம்தான் சொல்வோம்.

வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் நீங்கள் கேட்டிருக்கலாம். பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் 1930களின் கடைசியில் ஏறக்குறைய கால்வாசி நிலம் எங்கள் ஆட்கள், அதாவது நாட்டுக்கோட்டை நகரத்தார், கைக்கு வந்திருந்தது. கொடுத்த கடன் திரும்பாமல் வந்த நிலம் அது. அங்குள்ள உழவர்களுக்கு அதில் எவ்வளவு மனக்கசப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். போர் முடிந்த பின் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியது. இங்கே 1912-ல் கட்டி முடித்த வீடு மட்டும் மிஞ்சியது. இன்று அதற்கு 23 புள்ளி, அதாவது 23 பங்குதாரர்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட எல்லோரிடமும் கேட்க வேண்டும். கட்டிக் காப்பாற்றவும் முடியாமல், விற்கவும் மனமில்லாமல் இருக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேய்க் கதையைக் கிளப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் மூன்றாம் கட்டுக் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று பெரியவர்கள் முனி இருப்பதாகச் சொல்வார்கள். பிறகு, வீட்டைப் பார்த்துக்கொண்ட காவல்காரர், திருடன் பயப்படட்டும் என்று அதையே ஊரில் பரப்பினார். அந்தக் காலத்தில் அதற்குப் பலனும் இருந்தது. இப்போது நிலைமை தலைகீழ். போன மாசியில் நாலு பையன்கள் ராத்திரி பின்கதவுப் பூட்டை உடைத்து உள்ளே வந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கரியாக்கிவிட்டார்கள். அடுத்த பத்து நாளில், திறந்து கிடந்த அதே வழியாக யாரோ வந்து ஒரு சாளரத்தைச் சட்டத்தோடு பெயர்த்துப் போனார்கள். ஆளில்லாத பேய் வீடு என்று பேர் ஆகிவிட்டால், பெயர்த்து எடுப்பவனுக்கும் குற்ற உணர்ச்சி இருப்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எங்கள் சாளரம் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

சென்னை ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனிக்கும் இதுதான் நடந்தது. ஜான் டி மான்ட்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர் 1821-ல் இறந்தார். கோவளம் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். சொத்தைத் திருச்சபைக்கு எழுதி வைத்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் தருமம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, பேய்தான் வருகிறது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இந்த வீடுகளைப் பற்றி நீங்கள் நிறைய எழுத வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர் நூறு வருடம் கழித்தும் கன்னம்போல வழவழவென்று இருக்கிறது. அந்தப் பூச்சுவேலை தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார். அவரைப் பேட்டி எடுங்கள். ஆனால் ஒரு வீட்டில் இன்னார் இப்படிச் செத்தார் என்று அச்சில் போடுவதற்கு முன், அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் வீட்டைப் பற்றி எழுதியதற்குத் திருத்தம் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற தை மாதம் எங்கள் வீட்டில் படைப்பு இருக்கிறது. உங்கள் நிருபரைத் தாராளமாக அனுப்பி வையுங்கள். காலையிலேயே வந்துவிட்டால் இரண்டாம் கட்டைத் திறந்து காட்டுகிறேன். இருந்து மதியம் எங்களோடு இலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான் வட்டாரம்.