ஈம் கிராமத்துக்குப் போய் வந்தம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன்ரை சுகம் நீ எழுதினால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளிலை போன் எடுத்தால் 'பிறகு கதைக்கிறன் அம்மா' எண்டு வைக்கிறாய். வேலை கூட எண்டு விளங்குது. அப்பா உன்ரை புதுப் பதவியைப் பற்றிக் கோயிலிலை ஒருத்தரையும் விடாமல் சொல்லித் திரியிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, இங்கை ஷெஃபீல்டுக்குக் கிட்ட இருக்கிற ஈம் கிராமத்துக்குப் போனம். இவ்வளவு காலம் ஷெஃபீல்டிலை இருந்தும், நீ பள்ளிக்கூடத்தாலை போய்வந்த இடத்தை நாங்கள் இப்பதான் பார்க்கிறம். அண்டைக்குத்தான் அந்த ஊராக்கள் கொள்ளைநோயிலை செத்த ஆக்களை நினைச்சு, கக்லெட் டெல்ஃப் பள்ளத்திலை கூடிப் பிரார்த்திக்கிறது. 1666இலை தேவாலயத்தைப் பூட்டிப்போட்டு அந்த வெளியிலைதான் தள்ளித்தள்ளி நிண்டு கும்பிட்டவை. ஊர்க் கிணறுகளுக்கு, ஈரக் களிமண்ணிலை பூவிதழ் பதிச்சுப் படம் செய்து வைச்சிருந்தினம். உனக்குக் காட்டவேணும் போலை இருந்தது.

1665இலை லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடை நோயும் வந்ததாம். வெளியிலை பரவக்கூடாதெண்டு, மொம்பசன் போதகரும் அவருக்கு முந்தியிருந்த ஸ்டான்லியும் சொல்ல, ஊர் தன்னைத்தானே அடைச்சுக்கொண்டது. 260 பேர் மட்டிலை போயிட்டினம். அப்பா மொம்பசனைப் புகழ்ந்துகொண்டே வந்தார். எனக்கு அவற்றை மனிசி கத்தரினைத்தான் நினைப்பு. பிள்ளையள் இரண்டையும் வெளியிலை அனுப்பிப்போட்டு, தான் போகமாட்டன் எண்டு நிண்டவ. அந்த ஓகஸ்டிலையே முடிஞ்சுபோனா.

எல்லைக்கல்லிலை ஆறு குழி. காசிலை நோய் ஒட்டாமலிருக்க, அதுக்குள்ளை வினாகிரியை விட்டுக் காசைப் போடுவினமாம். பக்கத்து ஊராக்கள் சாமானை வைச்சிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவினம். ஊரை அடைச்சவைகூட என்ன தேவையெண்டு வெளியிலை தெரியப்படுத்தினவை, பிள்ளை.

பார்சல் கிடைச்சதோ? மிளகாய்த்தூளோடை பருத்தித்துறை வடையும் வைச்சனான். மருமகனுக்குப் பிடிக்குமெண்டுதான் கூடப் போட்டது. அவர் வீட்டிலைதானே நிற்கிறார்? போனிலை அவற்றை சத்தமே கேக்கிறேல்லை. அதுதான் கேட்டன்.

ஈமிலை ரைலி கல்லறைகளுக்கு ஏறேக்கை அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கினது, பயப்பிடாதை. அங்கை எலிசபெத் ஹான்கொக் எண்ட மனிசி, எட்டு நாளுக்குள்ளை புருசனையும் ஆறு பிள்ளையளையும் தன்ரை கையாலையே தாட்டிருக்கிறா. மிஞ்சினது ஷெஃபீல்டிலை தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு மகன். எல்லாம் முடிய அவனிட்டைப் போயிட்டாவாம். அவன் கூப்பிடுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கமாட்டா எண்டு அப்பாவுக்குச் சொன்னன். அவர் ஒண்டும் பேசேல்லை.

வீட்டுக்கு வந்து ரொறன்ரோ ரிக்கற் விலை பார்த்தவர். ஒக்டோபரிலை மலிவாம். எனக்கு முன்னறை சோபா காணும். எந்தக் கிழமை வசதியெண்டு மட்டும் எழுது, வேறை ஒண்டும் கேக்கமாட்டன். உனக்குச் சமைச்சுத் தர ஒரு ஆள் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா