சாரிட்டி கடைகளில் விலை குறிக்கும் தமிழ்த் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இலண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சாரிட்டி கடைகளின் பின்னறைகளில், நன்கொடையாக வரும் பொருள்களைப் பிரித்து, தரம் பார்த்து, விலைச்சீட்டு ஒட்டும் பணியை நீங்கள் ஊதியமின்றிச் செய்து வருகிறீர்கள். பழைய ரிமோட் கார்களைச் சேர்த்துப் பழுதுபார்த்து வரும் எனக்கு, அந்த அறைகளில் இவற்றுக்கு நேரும் கதி வருத்தம் தருகிறது. 1980களில் ஜப்பானிலிருந்து வந்த அருமையான கார், ரிமோட் காணவில்லை என்ற ஒரே காரணத்தால் குப்பைக்குப் போகிறது. அண்மையில் வாங்கிய சாதாரண பொம்மைக் கார், பளபளப்பாக இருப்பதால் அதைவிடக் கூடிய விலையில் கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது. எனவே விலையை முடிவு செய்யுமுன் அது எந்தக் கார் என்பதை முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பாடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மின்னணுப் பாகங்கள் யாவும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பொம்மை வகை. அதற்குரிய ரிமோட் இல்லையெனில் விலையும் இல்லை. மோட்டார், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் ஆகியவை தனித்தனியாகத் திருகிக் கழற்றும்படி இருந்தால் அது ஆர்வலர்களுக்கான பொழுதுபோக்கு வகை. இவ்வகையில் ரிமோட் தொலைந்தது பெரிய குறையன்று. எந்த நிறுவனத்தின் ரிமோட்டையும் அதற்கான ரிசீவரையும் பொருத்திக்கொள்ளலாம். ஆயினும் 1980களின் தையோ நிறுவனத்து ஜெட் ஹாப்பர் போன்ற சில பொம்மை வகைக் கார்களையும் தேடி வாங்குவோர் உண்டு.

உங்கள் கைக்கு மிகுதியாக வரக்கூடியவை டமியா கார்கள். ஷிசுவோகா நகரைச் சேர்ந்த இந்நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மாதிரியோடு இத்துறையில் இறங்கியது. பின்னர் 1979இல் சேண்ட் ஸ்கார்ச்சரும், 1984இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன. இவற்றில் சேண்ட் ஸ்கார்ச்சர், கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் ஆகியவற்றை 2000க்குப் பின் நிறுவனமே மீண்டும் வெளியிட்டிருப்பதால்தான் அடையாளம் காண்பது கடினமாகிறது. காரின் அடிச்சட்டமான சேசிஸின் அடியில் ஆண்டு பொறித்திருந்தால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அந்த வார்ப்பச்சு உருவான ஆண்டைக் குறிக்குமேயன்றி, உங்கள் கையிலுள்ள கார் விற்பனைக்கு வந்த ஆண்டைக் குறிக்காது. பெட்டி இருந்தால் ஐந்திலக்க எண்ணைப் பாருங்கள். முதல் வெளியீட்டு ஹார்னெட் 58045, 2004இன் மறுவெளியீடு 58336. கிராஸ்ஹாப்பரில் இவை முறையே 58043, 58346. பெட்டி இல்லாதபோது உள்ளிருக்கும் பாகங்கள் துணைபுரியும். சர்வோவால் நகரும் பழைய இயந்திர வேகக் கட்டுப்பாடும், 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் அலைவரிசையைத் தீர்மானிக்கச் செருகிய சிறு கிரிஸ்டலும் பழைய காரைச் சுட்டும். ஆனால் முந்தைய உரிமையாளர் அவற்றை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்க வேண்டாம். ஐயம் நீங்காவிட்டால் "எந்த வெளியீடு எனத் தெரியவில்லை" என்று எழுதி விற்பதே நேர்மை.

டமியா மட்டுமல்ல, கியோஷோ நிறுவனத்தின் ஸ்கார்ப்பியனும், தங்க நிற அலுமினியச் சேசிஸ் கொண்ட அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10உம் வந்தால் அவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். இவற்றுக்கும் மறுவெளியீடுகள் உண்டு.

அடுத்து, தயவுசெய்து காரைப் "புதுப்பிக்க" முயலாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். நிறம் மங்கிய ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பழைய நிலையை மீட்க முடியாது. இன்னும் பொருத்தப்படாமல் பாகங்களாகவே இருக்கும் கிட் என்றால் உள்ளிருக்கும் நெகிழிப் பைகளைத் திறந்து எண்ணிப் பார்ப்பதே விலையைக் குறைத்துவிடும். வெடித்த டயரும் ஓடாத மோட்டாரும் வாங்குபவரை அவ்வளவாகத் தடுக்கமாட்டா, ஏனெனில் அவற்றுக்கு மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. உடைந்த சேசிஸும், பசை கொண்டு ஒட்டிய பாடியும், பாட்டரி கசிந்து பச்சை பூத்த இணைப்புகளும் விலையை இறக்கும். அவற்றை மறைக்காமல் படமெடுத்துக் காட்டுங்கள். காரோடு வந்த திருகுப் பொட்டலத்தையும் கையேட்டையும் வேறு பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். இந்தச் சிறு கவனக்குறைவுதான் நான் அதிகம் காண்பது.

விலைக்கு ஒப்பீடு தேடும்போது, ஈபேயில் விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, விற்று முடிந்த பொருள்களை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். அதிலும் அதே வெளியீடு, அதே நிலை, பெட்டி உண்டா இல்லையா என்று பொருத்திப் பார்க்க வேண்டும். பெட்டியோடு கூடிய பழைய சேண்ட் ஸ்கார்ச்சர் விற்ற விலையைப் பார்த்து, பெட்டியில்லாத மறுவெளியீட்டுக்கு அதே தொகையைக் குறித்தால் அது அலமாரியிலேயே தங்கும். நல்ல கார் என்று உறுதியானால் கடையில் வைப்பதைவிட, உங்கள் அமைப்பின் இணைய விற்பனைப் பிரிவுக்கு அனுப்பும்படி மேலாளரிடம் சொல்லுங்கள். தேடுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பாட்டரி குறித்து மட்டும் கண்டிப்பாக இருங்கள். உப்பிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பாட்டரியை விற்கவும் கூடாது, சார்ஜ் செய்து பார்க்கவும் கூடாது, சாதாரணக் குப்பையில் போடவும் கூடாது; நகரசபையின் மறுசுழற்சி நிலையத்துக்கே அது போக வேண்டும். சுவரில் செருகும் சார்ஜரை மின்பாதுகாப்புச் சோதனைக்குப் பின்னரே விற்பனைக்கு வையுங்கள்.

காரைக் கொண்டுவந்து தருபவர் கடையை விட்டுப் புறப்படுமுன், அதன் பெட்டியோ ரிமோட்டோ பரணில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
இலண்டன்வாழ் சேகரிப்பாளர் ஒருவர்