குடியுரிமைக்கு பி2 பிரெஞ்சு: மாலை வகுப்பு தொடங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்நாட்டுக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க, 2026 ஜனவரி 1 முதல் பி2 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது) பிரெஞ்சு தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். முன்பு ஒரு படி கீழேயுள்ள பி1 போதுமாக இருந்தது. பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெறுகிறவர்களுக்கு இது இல்லை, சிரமமெல்லாம் புதிதாகப் போனவர்களுக்குத்தான்.

ஒரு படிதானே என்று நினைக்காதீர்கள். அன்றாடப் பேச்சு ஓரளவு கைவந்தால் பி1 எழுதிவிடலாம், பி2-வில் ஒரு விஷயத்தை எடுத்து வாதாட வேண்டும், பிரெஞ்சு அரசின் பட்டயம் தரும் டெல்ஃப் தேர்வு என்றால் குறைந்தது 250 சொற்களில் கட்டுரையும் எழுத வேண்டும், மொத்தம் 100-க்கு 50 வாங்கினாலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கில் ஏதாவது ஒன்றில் 25-க்கு 5-க்குக் கீழே போனால் தோல்விதான். சமையலறையிலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள் அங்கே போய் எப்போது படிப்பார்கள்? கிளம்பும் முன் இங்கேயே படித்துவிடுவதுதான் நல்லது. இன்னொன்று, டிசிஎஃப் என்ற மற்றொரு பிரெஞ்சுத் தேர்வின் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், டெல்ஃப் பட்டயத்துக்குக் காலாவதியே கிடையாது, ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை.

புதுச்சேரி அரசு தன் பள்ளிக் கட்டடங்களில் குறைந்த கட்டணத்தில், தமிழில் விளக்கம் சொல்லி மாலை வகுப்பு நடத்த வேண்டும். காரைக்காலிலும் சேர்த்துத்தான்.

ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி