அடியிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்துக்கொண்ட ஒருத்தியின் நன்றி மடல்

என்னைத் தாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீடான சாளையில் மாடு கன்றுகளோடு வாழ்கிறவள் நான். கர்ப்பப்பை இறக்கத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்த சில ஆண்டுகளில், யோனியின் மேற்பகுதி மறுபடியும் சரிந்து வெளியே தள்ளியது. இதைத்தான் அடியிறக்கம் என்கிறோம். அண்மையில் கோவையில் வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செயற்கை வலைத் துண்டு வைத்து அதைத் தூக்கிக் கட்டினார்கள். இப்போது நலமாக இருக்கிறேன். நேரில் சொன்ன நன்றி போதவில்லை. இந்த நோயைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்கு. கர்ப்பப்பையே இல்லாதபோது இறங்குவதற்கு என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் குழம்பியிருந்த நேரத்தில், அதைத் தாங்கிய தசையும் நாரும் தளர்ந்தேதான் இருக்கும், சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அந்தப் பக்கம் சரியும் என்று அவர்தான் விளக்கினார். பிரசவங்கள், தலையில் சுமந்த சோளத்தட்டுக் கட்டுகள், பஞ்சாலை வேலைக் காலத்து விடாத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, பெரிய மருத்துவமனைக்குப் போகும்படி வற்புறுத்தினார். அம்மிணி, உங்கள் வார்த்தையைக் கேட்டுத்தான் கிளம்பினேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கு நான் பட்ட கடன் பெரிது. அவர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். யோனிக்குள் சிலிக்கோன் வளையம் பொருத்திக்கொண்டு அறுவை இல்லாமலே காலம் தள்ளலாம் என்பதையும், சொந்தத் திசுவைக் கொண்டே தைக்கலாம், ஆனால் மறுபடியும் இறங்கியவர்களுக்கு அந்தத் தையல் தளரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெளிநாடுகளில் இந்த வலையைத் தடை செய்துவிட்டார்களாமே என்று என் மகள் கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. யோனி வழியாக வைத்த வலை பல பெண்களுக்குத் தீராத வலியையும் புண்ணையும் தந்தது உண்மை என்றும், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது என்றும், ஆஸ்திரேலியா 2017 இலேயே அவற்றை விலக்க முடிவெடுத்தது என்றும் அவரே கூறினார். எனக்குச் செய்வது வயிற்று வழியாக. பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான வலையின் ஒரு முனையை யோனியின் முன்பின் சுவர்களிலும், மறு முனையை முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் முன்பக்க நாரிலும் தைப்பார்கள். அந்தத் தடை இந்த முறைக்குப் பொருந்தாது. இதிலும் சிலருக்கு வலை வெளியே தெரியலாம், குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ காயம் நேரலாம், வலையை எடுப்பது வைப்பதைவிடக் கடினம் என்பதையெல்லாம் தாளில் படம் வரைந்து காட்டி, முடிவை எங்களிடம் விட்டார். நோயாளியை இப்படி மதிக்கிற மருத்துவரைக் காண்பது அரிது என்பது என் எண்ணம்.

வார்டில் என்னைக் கூச்சப்படவைக்காமல் சிறுநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இடுப்புத்தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுத்தந்த பெண்ணுக்கும் நன்றி.

பளு தூக்கக் கூடாது என்ற கட்டளை குடியானவப் பெண்ணுக்கு எளிதன்று. பால் குடமும் தீவனக் கட்டும் தண்ணீர்க் குடமும் பளுதானே. தம் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து என்னோடு தங்கிய, அண்ணி முறையான என் நங்கையாளும், விடியலில் எங்கள் மாடுகளையும் கறந்து பாலைச் சொசைட்டிக்குக் கொண்டு சேர்த்த பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்தாரும், அடுப்படி வேலையை முதன்முறையாக ஏற்றுக்கொண்ட என் வீட்டுக்காரரும் இல்லாவிட்டால் தையல் ஆறியிருக்காது. அந்த அறுவையில் பாதி நீங்கள் செய்தது என்றே கருதுகிறேன்.

இதே தொல்லையோடு வாய் திறவாமல் இருக்கும் அக்கா தங்கைகள் யாரேனும் கேட்க விரும்பினால், எங்கள் சாளைக்கு வாருங்கள். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நன்றியுடன்,
காங்கேயம் வட்டாரத்து விவசாயப் பெண்