எல்லாமே ‘நிராகரிப்பு’ ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலச் செய்தியில் ‘டேர்ன் டவுன்’ என்று வந்தால் தமிழில் ‘நிராகரித்தார்’ என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. அமைச்சுப் பதவி தருவதாகச் சொன்னபோது ஒருவர் வேண்டாம் என்றால் நிராகரிப்பு. பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோது தொழிற்சங்கம் வரமாட்டோம் என்றால் நிராகரிப்பு. வங்கி கடன் விண்ணப்பத்தை ஏற்காவிட்டாலும் நிராகரிப்பு. மூன்றிலும் நடந்தது வேறு வேறு. வாசகருக்கு அந்த வேறுபாடு போய்ச் சேருவதில்லை.

நீட்டியதை வாங்காவிட்டாலும் கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் ஆங்கிலத்தில் அதே ‘டேர்ன் டவுன்’ தான். தமிழ் இரண்டையும் பிரித்தே பேசும். தேநீர் நீட்டினால் ‘வேண்டாம்’ என்கிறோம். ஆயிரம் ரூபாய் கைமாற்றாகக் கேட்டவரிடம் யாரும் ‘வேண்டாம்’ என்பதில்லை. ‘இல்லை’, ‘தர முடியாது’ என்றுதான் வரும். எனவே அகராதியைப் புரட்டுவதற்கு முன், யார் யாரிடம் எதை நீட்டினார் அல்லது எதைக் கேட்டார் என்று பார்க்க வேண்டும். பதவி, பரிசு, அழைப்பு என்றால் ‘ஏற்க மறுத்தார்’, ‘வேண்டாம் என்றார்’. வேண்டுகோள் என்றால் ‘இணங்கவில்லை’; உதவ வழியில்லை என்று சொல்லி அனுப்பினால் ‘கைவிரித்தார்’. விண்ணப்பம், வேட்புமனு, வாக்குச்சீட்டு ஆகியவற்றை அதிகாரம் உள்ளவர் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளுகிறார். ‘நிராகரிப்பு’ அங்கேதான் பொருந்தும். தேர்தல் முடிவுகளில் ‘நிராகரிக்கப்பட்ட வாக்குகள்’ என்று போடுவது மிகச் சரி. நீதிமன்றச் செய்தியில் மனு ‘தள்ளுபடி’ ஆகும், பிணை ‘மறுக்கப்படும்’.

‘மறுத்தார்’ என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்றால் அது பொய் என்றார் என்று பொருள். ‘அழைப்பை மறுத்தார்’ என்று தலைப்பிட்டால், அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றாரா, வந்த அழைப்பை ஏற்கவில்லையா என்பது விளங்காது. ‘ஏற்க’ என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. ‘புறக்கணித்தார்’ என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. ‘டேர்ன் டவுன்’ என்றால் பதில் சொல்லியாகிவிட்டது. புறக்கணிப்பில் பதிலே இல்லாமலும் இருக்கலாம். ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் நாளைக் கடத்துவது ‘தட்டிக்கழிப்பது’. அதையும் இதோடு சேர்க்கக் கூடாது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்கும், குறிப்பாக வேலைக்கும் வீசாவுக்கும் விண்ணப்பிக்கும் இளையவர்களுக்கும், சில சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்து, நீங்கள் அதை ஏற்கப் போவதில்லை என்றால், பதில் கடிதத்தில் ‘ஐ ரிஜெக்ட் யுவர் ஆஃபர்’ என்று எழுதாதீர்கள். முகத்தில் அடித்தது போல இருக்கும். ‘ஐ டேர்ன் டவுன் யுவர் ஆஃபர்’ என்பதும் ஒட்டாது, ஏனென்றால் அது நடந்ததை மூன்றாமவரிடம் சொல்லும்போது வரும் பேச்சு. எதிரே இருப்பவருக்கு எழுதும்போது ‘டிக்ளைன்’ தான் மரியாதையான சொல். ‘ஐ ஆம் அனேபிள் டு அக்செப்ட்’ என்றால் இன்னும் மென்மை.

‘ரிஃபியூஸ்’, ‘டிக்ளைன்’ இரண்டுக்கும் பின்னால் ‘டு’ போட்டு இன்னொரு வினையைச் சேர்க்கலாம்: ‘ரிஃபியூஸ்ட் டு கோ’. ‘ரிஜெக்ட்’, ‘டேர்ன் டவுன்’ இரண்டோடும் அது முடியாது. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற சுட்டுச் சொற்கள் ‘டேர்ன்’, ‘டவுன்’ இரண்டுக்கும் நடுவில்தான் வர வேண்டும்: ‘டேர்ன்ட் இட் டவுன்’. ‘டேர்ன்ட் டவுன் இட்’ என்று எழுதினால் பிழை. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ‘மை அப்ளிகேஷன் டேர்ன்ட் டவுன்’ என்ற வாக்கியத்தில். நடுவில் ‘வாஸ்’ இல்லாவிட்டால் விண்ணப்பமே யாரையோ மறுத்ததாகிவிடும். ‘டேர்ன் டவுன்’ என்ற வினைக்கு வேண்டிய பெயர்ச்சொல் ‘ரிஃபியூசல்’ அல்லது ‘ரிஜெக்‌ஷன்’. ‘டவுன்டேர்ன்’ என்பது வேறு, அது பொருளாதாரச் சரிவு.

வீசா விஷயத்தில் ஒரு சொல் மாறினால் பதிலே மாறும். பிரித்தானிய நடைமுறையில், படிவம் செல்லுபடியாகும் நிலையில் இல்லாமல், கட்டணம் கட்டாமல் விட்டது போன்ற குறையால் பரிசீலிக்காமலே தள்ளப்பட்டால் ‘ரிஜெக்டட்’. பரிசீலித்துத் தகுதி இல்லை என்று முடிவெடுத்தால் ‘ரிஃபியூஸ்ட்’. அமெரிக்க வீசாவுக்கான இணையப் படிவமும் இதற்கு முன் உங்களுக்கு அமெரிக்க வீசா ‘ரிஃபியூஸ்’ செய்யப்பட்டதா என்றுதான் கேட்கிறது. இரண்டையும் ‘நிராகரிப்பு’ என்றே விளங்கிக்கொண்டவர் தவறான பதிலை எழுதிவிடக்கூடும். வந்த கடிதத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிட்டே பதில் எழுத வேண்டும். இந்தச் செய்திகளைத் தமிழில் தரும்போது முதலாவதைப் ‘பரிசீலிக்காமல் திருப்பினர்’ என்றும் இரண்டாவதை ‘வீசா மறுத்தனர்’ என்றும் தங்கள் செய்திப் பிரிவினர் பிரித்து எழுதினால் பலருக்கு உதவியாக இருக்கும்.

கொழும்பு ஹோட்டல்களில் வேலைக்குச் சேருபவர்கள் ‘டேர்ன் டவுன் சேர்விஸ்’ என்று கேள்விப்படுவார்கள். அதில் மறுப்பு ஏதும் இல்லை. மாலையில் அறைக்குப் போய், மேல்விரிப்பை அகற்றி, போர்வையின் ஒரு முனையை மடித்து, விருந்தினர் படுக்க ஏற்றபடி கட்டிலை ஆயத்தம் செய்வதற்குத்தான் அந்தப் பெயர்.

மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06